நான் அழித்த பதினோரு புள்ளிகள்

இன்று காலை பத்தே முக்காலுக்கு என் திரையில் உங்கள் ஊர் லைன் மேலே ஏறியது. காயல்பட்டினத்திலிருந்து வெளியே போகும் பக்கத்தைக் காட்டும் பச்சைக் கோடு அதுவரை தரையோடு தரையாகக் கிடந்தது. பத்தே நிமிஷத்தில் நிமிர்ந்து நின்றுவிட்டது. நான் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். உங்கள் ஊரில் யாரோ இறந்துபோயிருக்கிறார்கள், நீ சொல்வதுபோல் மௌத்தாகிவிட்டார்கள். யார் என்று தெரியாது, எந்தத் தெரு என்று வேண்டுமானால் தெரியும். லைன் தாங்குகிறதா என்று பார்த்தேன். தாங்கியது, இன்னும் இடம் மிச்சம் இருந்தது. அதன் பிறகுதான் டீயை எடுத்தேன். ஆறிப்போயிருந்தது.

நீ இருந்திருந்தால் இந்நேரம் போனை எடுத்து, "யாருன்னு கேட்டுச் சொல்லுதேன் புள்ள" என்றிருப்பாய். உன் மேசையில் இப்போது பிரிண்டர் இருக்கிறது. புகாரெல்லாம் ஆப்பில் வருகிறது, ஆள் பேசுவதில்லை. உன்னிடம் சொல்ல வேண்டிய ஒன்றை நாலு வருஷமாகச் சொல்லாமலே வைத்திருந்தேன். போன மாதம் அதை உன் தம்பியிடம் சொல்லிவிட்டேன். அவனிடம் சொன்ன பிறகு உன்னிடம் சொல்லாமல் இருப்பது சரியில்லை. அதனால்தான் இது.

முதலில் நம் ஆபீஸ். வண்ணார்பேட்டையில் அந்த மாடி அறை, ஆற்றுப் பக்கம் ஒரு ஜன்னல், அதில் பாதியை ஏசி மறைத்திருக்கும். திருநெல்வேலியிலிருந்து கடற்கரை ஊர்கள் வரை வீடுகளுக்கு இன்டர்நெட் கொடுக்கிற கம்பெனி. முதலாளியை எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். எந்த ஊருக்கு எவ்வளவு லைன் வேண்டும் என்று கணக்குப் போடுவது என் வேலை. புள்ளியியல் எம்.எஸ்சி. படித்தவள் என்று எனக்குக் கொஞ்சம் கொழுப்பு இருந்தது, மறைப்பானேன். புகார் போனை எடுப்பது உன் வேலை. காயல்பட்டினத்திலிருந்து தினமும் திருச்செந்தூர் பாசஞ்சரில் வந்து, பாளையங்கோட்டையில் இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்து, ஒன்பதரைக்கு ஹெட்போனை மாட்டிவிடுவாய்.

உன்னைப் போலப் புகார் போன் எடுத்தவளை நான் பார்த்ததில்லை. மற்றவர்கள் எல்லாரும், "அஞ்சு நிமிசத்துல வந்துரும் சார்" என்பார்கள். நீ, "எங்க மேலதான் தப்பு. சாயங்காலம் ஆறு ஆவும். அதுவரைக்கும் வராது" என்பாய். அண்ணாச்சி ஒருநாள் தலையில் கை வைத்துக்கொண்டு, "ஏ தாயி, உண்மையச் சொல்லு, வேண்டாங்கல. அத இப்படி மொத்தமாவா அவுத்துக் கொட்டுவ? கொஞ்சம் பைய சொல்லப்படாதா?" என்றார். அதற்கும் நீ, "பையச் சொன்னாலும் ஆறு மணிதான அண்ணாச்சி ஆவும்?" என்றாய். அறையே சிரித்தது.

பெருநாள் முடிந்து நீ வட்டிலப்பம் கொண்டுவந்த அன்று ஞாபகம் இருக்கிறதா? எங்கள் வீட்டில் முட்டை சேர்ப்பதில்லை. "ஏட்டி, இதுல முட்டை இருக்கா?" என்றேன். ஆசையாகத்தான் கேட்டேன், இல்லை என்று சொல்லிவிடுவாய் என்று. "பத்து முட்டை இருக்கு" என்று சொல்லிவிட்டு, கிண்ணத்தை என் பக்கத்திலிருந்து தள்ளி வைத்துவிட்டாய். பாவி, அந்த மணத்தோடு நான் அன்று முழுக்கத் தயிர்சாதம் தின்றேன்.

இனி அந்தக் கணக்கு. ஒரு ஊரில் ஆயிரம் வீடு இருந்தால் ஆயிரம் வீடும் ஒரே நேரத்தில் லைனை இழுக்காது. ஒருத்தி சமைக்க எழுந்து போவாள், ஒருத்தன் கிரிக்கெட் பார்க்க உட்காருவான். ஏறுவதும் இறங்குவதும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும். வீடுகள் கூடக் கூட மொத்தக் கோடு வழவழப்பாகும். அதனால் ஆயிரம் வீட்டுக்கு ஆயிரம் பங்கு லைன் வாங்க வேண்டாம், அதில் கொஞ்சம் போதும். எல்லா ஊரிலும் எங்கள் தொழில் இந்த ஒரு நம்பிக்கையில்தான் நடக்கிறது. இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. ஒரு வீடு செய்வதற்கும் அடுத்த வீடு செய்வதற்கும் சம்பந்தம் இருக்கக் கூடாது. அதை நான் முதல் பக்கத்திலேயே எழுதிவிட்டேன். எழுதியதோடு சரி, திரும்பிப் பார்க்கவில்லை.

கூட்டமாக வருவதை நான் யோசிக்காமல் இல்லை. குலசேகரன்பட்டினத்துக்குத் தசரா பத்து நாளும் தனியாக லைன் ஒதுக்கினேன். அது காலண்டரிலேயே இருக்கிறது, யாருக்கும் தெரியும். காயல்பட்டினத்தில்தான் இடறியது. எட்டு மாதத்துப் பதிவில் பதினோரு இடத்தில் கோடு திடீரென்று எகிறியிருந்தது. அதுவும் வெளியே போகும் பக்கம். வீட்டு இன்டர்நெட்டில் படம், பாட்டு எல்லாம் வெளியிலிருந்து உள்ளே வருவதுதான் அதிகம், வீட்டிலிருந்து போவது கொஞ்சம்தான். இங்கே தலைகீழாக இருந்தது. கிழமை ஒத்துவரவில்லை, மணி ஒத்துவரவில்லை. அளக்கிற பெட்டிக்குக் கோளாறு என்று முடிவு கட்டி, ஒவ்வொரு புள்ளியாக அழித்துக்கொண்டிருந்தேன்.

நீ பின்னால் வந்து நின்றாய். "இத ஏன் புள்ள அழிக்க?"

"மெசின் கோளாறு."

"கோளாறு இல்ல. தேதியப் பாரு, இது எங்க பெரியும்மா மௌத்தான நாளு. இது மேலச் சந்துல ஒரு ஹாஜியாரு. இது கடல்ல போன அந்தப் பிள்ள. மௌத்துன்னா எல்லாவனும் ஒரே நேரத்துலதான் வீடியோவுல மொகம் பாக்கக் கூப்பிடுவான். துபாயில இருக்கவன், சவூதியில இருக்கவன், அம்புட்டுப் பேரும்."

"மூணுக்குச் சொல்லிட்டே. மிச்சம் எட்டு?"

"வீட்டுல விசாரிச்சு நாளைக்குச் சொல்லுதேன்."

அண்ணாச்சிக்கு அன்று சாயங்காலமே அறிக்கை போக வேண்டும். எனக்கோ, என் கணக்கில் நீ கை வைப்பதா என்று ஒரு எரிச்சல். "மாசத்துல ரெண்டு மணி நேரத்துக்காவ ஊரு பூரா லைனக் கட்டி வச்சிருக்க முடியுமாட்டி? உனக்கு நம்பர் தெரியாது. நீ போன எடு, போ" என்றேன். நீ போனை எடுக்கப் போனாய். முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மறுநாள் காலையில் ஒரு தாளை என் மேசையில் வைத்தாய். பதினோரு தேதி, பதினோரு பேர். ஒன்றுகூடத் தவறவில்லை. அறிக்கை அதற்குள் போயிருந்தது. தாளை இழுப்பறைக்குள் போட்டேன்.

காயல்பட்டினத்திலிருந்து வெளியே போகும் லைன் பாதியாகக் குறைந்தது. மிச்சப் பாதி பாளையங்கோட்டையில் புதிதாக வந்த காலனிகளுக்குத் திரும்பியது. அங்கே வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர்கள் சந்தோஷமாக இருந்தார்கள். அண்ணாச்சி என்னைப் பாராட்டினார். மூன்று மாதம் ஒரு புகாரும் இல்லை. என் கணக்கு சரி என்று உன்னிடம் ஒருமுறை சொல்லிக்காட்டவும் செய்தேன்.

பிறகு அந்தப் புதன்கிழமை. உன் உம்மா காலையில் தூக்கத்திலேயே போய்விட்டார்கள் என்று ஆபீசில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. மதியம் இரண்டரைக்கு நீ எனக்குப் போன் போட்டாய். அழவில்லை.

"புள்ள, குளிப்பாட்டி முடிச்சாச்சு. நாலு மணிக்குள்ள அஸர் தொழுகைக்கு எடுத்துருவாங்க. தம்பி சவூதியில தம்மாம்ல இருந்து உம்மா மொகத்தப் பாக்கணுங்கான். படம் நின்னு நின்னு போவுது. எங்க லைனக் கொஞ்சம் பாரேன்."

கிராஃபைத் திறந்தேன். கோடு ஏறிப் போய், உச்சியில் கூராக முடியாமல், மழித்துவிட்ட மாதிரி மொட்டையாக நின்றது. அப்படித் தட்டையாக நின்றால் ஒரே அர்த்தம்தான். லைன் கொள்ளுகிற அளவு அவ்வளவு, அதற்குமேல் வருவதெல்லாம் வாசலிலேயே நிற்கிறது. அந்த அளவு நான் போட்ட அளவு.

அளவைக் கூட்ட வேண்டுமென்றால் திருச்செந்தூரில் இருக்கும் பெட்டியை ஆள் நேரில் போய் மாற்ற வேண்டும். அந்தப் பக்கத்து லைன் வேலைகளைப் பார்க்கும் அண்ணன் அன்று குலசேகரன்பட்டினத்தில் கம்பத்தில் ஏறியிருந்தார். நாலு தடவை அடித்த பிறகு போனை எடுத்தார். அவர் இறங்கி, பைக்கில் வந்து, பூட்டைத் திறந்து, மாற்றி முடித்தபோது நாலேகால். கோடு விடுபட்டு ஏறியதை நான் பார்த்தேன். அதற்குள் எடுத்துவிட்டார்கள்.

உங்கள் வீட்டில் இறந்தவரின் மய்யித்தைப் படம் பிடித்து வைக்கும் வழக்கம் இல்லை. நேரில் பார்ப்பதோடு சரி, போனில் பார்த்தாலும் அந்த நேரத்தோடு சரி. செல்போன் டவரும் உங்கள் சந்துக்குள் பேசத்தான் எடுக்கும், படம் வராது. எல்லாவற்றுக்கும் எங்கள் லைன் ஒன்றுதான். இதெல்லாம் எனக்குப் பிற்பாடு நீ சொல்லித் தெரிந்தது.

நாலரைக்கு மறுபடி கூப்பிட்டாய். "என்னாச்சு புள்ள?" என்று மட்டும் கேட்டாய்.

எனக்கு எப்படி வாய் வந்ததோ. "ஆறுமுகநேரிகிட்ட கேபிள் அறுந்துட்டுட்டி. ரோடு தோண்டுனவன் அறுத்துட்டான்" என்றேன். நின்று யோசித்துச் சொன்னதில்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது, அதுவும் அடையாளம் வைத்து, ஊர்ப் பேரோடு.

"அப்படியா."

"தம்பி பாத்தானா?"

"நெத்தியப் பாத்தான். அதுக்குமேல வரல. சரி புள்ள, வைக்கேன்."

பன்னிரண்டு நாள் கழித்து நீ வேலைக்கு வந்தாய். அதற்கு முன்பே நான் அண்ணாச்சியிடம் போய், "என் கணக்கு தப்பு, காயல்பட்டினத்து லைனத் திரும்பக் குடுக்கணும்" என்று சொல்லிவிட்டேன். அவர், "சரி விடு தாயி, மனுசன் போடுற கணக்குதான" என்று கையெழுத்துப் போட்டுக்கொடுத்தார். அவரிடம் சொல்ல முடிந்தது பார். உன்னிடம் முடியவில்லை. அவர் திட்டினால் ஒருநாள் திட்டு. நீ என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியவில்லை, அந்தப் பயம்.

கணக்கைப் புதிதாகப் போட உட்கார்ந்தபோது உன்னையே கூப்பிட்டேன். அந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்தது என்று இப்போது நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. நீ ஒரு வெள்ளைத் தாளில் உங்கள் சந்து வீடுகளை வரைந்தாய். உங்கள் ஊரில் பெண்ணுக்குக் கல்யாணம் ஆனாலும் உம்மா வீட்டுப் பக்கத்தை விட்டுப் போவதில்லை, மாப்பிள்ளைதான் வருவார். அக்கா, தங்கை, பெரியம்மா மகள் என்று வீடுகள் சுவரோடு சுவராக ஒட்டி இருக்கும். வெளிநாட்டில் இருக்கும் ஆண்கள் அத்தனை பேருக்கும் அந்த ஒரே சந்தில்தான் வீடு. நான் ஆயிரம் வீடு என்று எழுதி வைத்திருந்த இடத்தில் நிஜத்தில் இருந்தது அறுபது குடும்பம்.

"இந்தப் பதினேழு வீட்டையும் ஒரு வீடுன்னு வச்சிக்கோ புள்ள" என்றாய், பேனாவால் ஒரு வட்டம் போட்டு. "ஒரு வீட்டுல அழுதா பதினேழும் போன எடுக்கும்."

அப்படியே வைத்தேன். பதினேழு வீடும் சேர்ந்தே ஏறும், சேர்ந்தே இறங்கும் என்று எழுதினேன். பழைய பதினோரு புள்ளிகளையும் திரும்பப் போட்டேன், உன் தாளை எடுத்துத் தேதி சரிபார்த்து. புதிய கணக்கு அந்தப் பதினொன்றிலும் உட்கார்ந்தது. பன்னிரண்டாவதாக அந்தப் புதன்கிழமையைச் சேர்த்தேன். நீ பக்கத்தில்தான் இருந்தாய். திரையில் அந்த மொட்டைக் கோடு வந்தபோது "டீ குடிப்பமா?" என்றாய்.

அதற்குப் பிறகு மூன்று வருஷம் நாம் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டோம். நான் பலமுறை சொல்ல வாயெடுத்தேன். பாசஞ்சருக்கு நேரமாகும், போன் அடிக்கும், எனக்கும் அது வசதியாக இருக்கும். உனக்குக் கணையத்தில் நோய் என்று தெரிந்து, பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஒருநாள், "ஏட்டி, அன்னைக்கு உங்க உம்மா..." என்று தொடங்கினேன். நீ கண்ணைத் திறக்காமல், "அதெல்லாம் இப்ப எதுக்கு? தண்ணி கொஞ்சம் குடு" என்றாய். கொடுத்தேன். உனக்கு நெஞ்சு வறண்டிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். மண்டு.

நீ போன அன்று நான் கிராஃபைப் பார்க்கவில்லை. உன் வீட்டில் பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தேன். தம்மாமிலிருந்து உன் தம்பி உன் முகத்தைப் பார்த்தான். படம் ஒரு நொடி நிற்கவில்லை. "லாத்தா, லாத்தா" என்று அக்காவைக் கூப்பிட்டு அவன் அழுத குரல் அவ்வளவு தெளிவாக வந்தது. நான் தாங்க முடியாமல் வெளியே வந்தேன். சந்து முனையில் அந்தத் திருச்செந்தூர் லைன் அண்ணன் கையில் மீட்டரோடு நின்றுகொண்டிருந்தார்.

"இன்னைக்கு லைன் தாங்குது, பாத்தியளா" என்றார். பிறகு, "அவிய அம்மா மௌத்தான மறுநாளே எனக்குப் போன் போட்டாவ. கேபிள் எங்கன அண்ணே அறுந்ததுன்னு கேட்டாவ. எங்கனயும் அறுக்கலியே, லைன் கொள்ளலன்னுல்லா சொன்னேன். சரின்னு வச்சிட்டாவ" என்றார்.

அவருக்கு அது சும்மா ஒரு பேச்சு. மறுநாளே உனக்குத் தெரியும். பன்னிரண்டு நாள் கழித்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தபோது தெரியும். வட்டம் போட்டுக் கொடுத்தபோது தெரியும். தண்ணீர் கேட்டபோதும் தெரியும். மூன்று வருஷத்தில் ஒரு நாளாவது சண்டை போட்டிருக்கலாமே நீ. என் தலைமயிரைப் பிடித்து நாலு ஆட்டு ஆட்டியிருந்தால் நான் உன் தோளில் விழுந்து அழுதிருப்பேன்.

போன மாதம் உன் தம்பி ஆபீசுக்கு வந்தான். இரண்டு மாத லீவு. உன் பேரில் இருந்த கனெக்‌ஷனைத் தன் மனைவி பேருக்கு, அவள் உம்மா வீட்டுக்கு மாற்ற வேண்டும் என்றான். தாளை நிரப்பிக்கொண்டே, "ஒங்க லைன் இப்ப நல்லா இருக்குக்கா. உம்மா மௌத்துக்கு மட்டுந்தான் சதி செஞ்சிட்டு" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. "அப்ப ஒங்க கம்பெனி மேல கேஸ் போடப் போறேன்னு லாத்தாகிட்ட ஒரு வாரம் குதிச்சேன். லாத்தாதான் சொன்னாங்க, கேபிள் அறுந்துட்டு, ரோடு தோண்டுனவன் செஞ்ச வேல, கம்பெனி மேல குத்தமில்லன்னு. லாத்தா வாயில பொய் வராதுல்ல. அதான் விட்டுட்டேன்."

ஒரு வாரம் குதித்திருக்கிறான். அப்படியென்றால் உனக்குத் தெரிந்த பிறகுதான் சொல்லியிருக்கிறாய். என் பொய்யை அப்படியே எடுத்து, ரோடு தோண்டினவனைக்கூட விடாமல், உன் வாயால் சொல்லியிருக்கிறாய். வட்டிலப்பத்தில் இருந்த முட்டையை மறைக்கத் தெரியாதவள் நீ.

அவனிடம் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். புள்ளிகளை அழித்தது, நீ எழுதிக் கொடுத்த பதினோரு பேர், லைனைப் பாதியாக்கியது, கேபிள் அறுந்தது என்று நான் சொன்னது, மறுநாளே நீ விசாரித்துத் தெரிந்துகொண்டது. அவன் பேனாவை மேசையில் வைத்துவிட்டுக் கேட்டான். அவன் கத்துவான், அண்ணாச்சி ஓடிவருவார், வேலை போகும் என்று எல்லாவற்றுக்கும் தயாராக இருந்தேன்.

நான் முடித்ததும் பேனாவுக்கு மூடி போட்டுவிட்டுச் சொன்னான். "உம்மா மொகத்தப் பாக்காததுக்கு நான் அழுது முடிச்சு நாளாச்சுக்கா. அது அல்லாஹ் நாடினது, அத விட்டுருங்க." கண்ணைத் துடைத்துக்கொண்டான். "எங்க லாத்தாவப் பொய் சொல்ல வச்சிட்டீங்களே."

தாளை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

உம்மாவின் முகத்துக்கு நான் ஒரு கணக்கைத் திருத்தினேன். இன்று காலையிலும் அது தாங்கியது, யார் வீட்டுப் பிள்ளையோ யார் முகத்தையோ பார்த்திருப்பான். உன் தம்பி சொன்னதற்குத் திருத்திப் போட என்னிடம் ஒன்றும் இல்லை. என் பொருட்டு நீ சொன்ன பொய் உன் பேரில் அப்படியே இருக்கிறது, அதை எடுத்துவிட எனக்கு வழி தெரியவில்லை. அது ஒன்றுதான் இனி எப்போதும் என்னோடு இருக்கும். என்னை மன்னிச்சிருட்டி.